ஐந்து நாற்பதுக்கு ஒரு ரிங்

"செத்துப் போனவங்க திரும்பி வருவாங்களா மம்மி?"

"வந்தா நீ என்ன பண்ணுவே?"

"நோட்டுல எழுதுவேன். தேதி, நேரம், யாரு சாட்சின்னு."

"பயப்பட மாட்டியா?"

"எழுதி முடிச்சிட்டு பயப்படுவேன்."

ஐவி சிரித்த சிரிப்பில், உரித்துக்கொண்டிருந்த பட்டாணி கிண்ணத்துக்கு வெளியே சிதறியது. "சரி, நான் போனா கண்டிப்பா வரேன். உன் நோட்டுக்கு நானே சாட்சி."

"அது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ரிங் கொடுக்கறேன். நீ பாலை அடுப்புல வை."

அன்றைக்கு பிரிஸில்லாவுக்குப் பதினைந்து வயது. அம்மாவும் பெண்ணும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. பட்டாணி உரித்து முடித்ததும் இருவருமே மறந்துபோன பேச்சு. எட்டு மாதம் கழித்து, ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தி. நகரில் தன் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்த ஐவி பிறகு கண் திறக்கவே இல்லை.

ஒரு ரிங் என்பது அந்த வீட்டுக்குப் புதிது இல்லை. ஐவி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். மாலை ஐந்து நாற்பதுக்கு மேஜையைப் பூட்டிவிட்டு, வீட்டு எண்ணைச் சுழற்றி, ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவாள். கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். யாரும் எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். பிரிஸில்லா போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள். 12பி பஸ் பிடித்து, சாந்தோம் சந்துக்குள் நடந்து, இரண்டு மாடி ஏறி ஐவி செருப்பைக் கழற்றும்போது டிகாக்ஷன் தயாராக இருக்கும்.

அம்மா போன ஆறாவது வாரம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிரிஸில்லா சீருடையைக்கூட மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடத் தோன்றவில்லை. டெலிபோன் ஒருமுறை அடித்து நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பது.

எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி மேலே வந்தபோதுதான் அழுகை வந்தது.

ஆறரை மணிக்கு அப்பா ஹென்றி வந்தார். சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மேஜைமேல் இருந்த காபியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து குடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து டெலிபோன் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாளும் ஐந்து நாற்பதுக்கு ஒரு ரிங் வந்தது. அதற்கு மறுநாளும்.

பிரிஸில்லா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். தேதி, நேரம் எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதினாள். ஒருநாளும் அவள் ரிசீவரை எடுத்ததில்லை. எடுப்பதற்குள் நின்றுவிடும் என்பது ஒரு காரணம். எடுத்து, அந்தப் பக்கம் வெறும் இரைச்சல் மட்டும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் வீட்டில் இல்லை. ஐவி இருந்தவரை அப்பாவும் பெண்ணும் நேராகப் பேசிக்கொண்டதே குறைவு. "உன் பொண்ணு பரீட்சை எப்படி எழுதினாளாம்?" என்று ஹென்றி கேட்பார். "டாடிகிட்ட செருப்பு அறுந்துபோச்சுன்னு சொல்லேன்" என்று பிரிஸில்லா சொல்வாள். நடுவில் ஐவி நின்று, இந்தப் பக்கம் ஒரு வார்த்தை கூட்டி, அந்தப் பக்கம் ஒரு கோபம் குறைத்து, இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருந்தாள். அவள் போன பிறகு இரண்டு பேரும் இரண்டு அறையில் நல்லபடியாகவே வாழ்ந்தார்கள். சாப்பிட்டியா, கதவைச் சாத்திக்கோ, காஸ் புக் பண்ணியா. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றி ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். காற்றில் திரி அணைந்தபோது, "தீப்பெட்டி இருக்கா?" என்று மட்டும் ஹென்றி கேட்டார்.

நாள் முழுவதிலும் அவளோடு வேறொருவர் இருப்பதாக அவளுக்குத் தோன்றிய நேரம் அந்த ஐந்து நாற்பதுதான்.

ப்ளஸ் டூ முடிவு வந்து, தொண்ணூற்றைந்து ஜூனில் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போனபோது அவளுக்கு என்ன படிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு என்ன பெயர் என்பதில்தான் சந்தேகம். வரிசையில் நின்று, விசாரணை மேஜையில் இருந்த இளம் விரிவுரையாளரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மேம், விளக்கம் சொல்ல முடியாத சம்பவங்களை ஆராயணும்னா எந்த மேஜர் எடுக்கணும்?"

"போலீஸ்ல சேரணுமா?"

"இல்ல மேம். அதாவது, செத்துப் போனவங்க சம்பந்தமா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"பேய் இருக்கான்னு அளந்து பார்க்கணும்னா பிசிக்ஸ். பேயைப் பார்த்தேன்னு சொல்ற ஆளைப் பார்க்கணும்னா சைக்காலஜி. நீ யாரைப் பார்க்கணும்?"

"ரெண்டு பேரையும்."

"அப்போ ரெண்டு ஃபாரம் வாங்கிக்கோ. அடுத்தது யாரும்மா?"

அவள் சைக்காலஜிக்கு மட்டும் வாங்கினாள். விசாகப்பட்டினம் பக்கம் வால்டேரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி விஷயங்களுக்கும் சேர்த்து ஒரு துறை இருக்கிறது என்று நூலகத்தில் படித்திருந்தாள். இங்கே மூன்று வருடம் பி.ஏ., பிறகு அங்கே. அம்மாவின் ஒரு ரிங்கை உலகத்துக்கு முன்னால் வைத்து, இதோ பாருங்கள் என்று சொல்ல வேண்டும்.

ஹென்றிக்கு பி.காம். தான் மனதில். படித்துவிட்டு பாங்க் பரீட்சை எழுதலாம். விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் படிச்சு என்ன பண்ணுவே?"

"ஆவிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணலாம் டாடி. இப்போ எல்லாம் அதுக்குப் படிப்பு இருக்கு."

"ஆவிதான் வேணும்னா பரிசுத்த ஆவி இருக்கு. அதுக்கு மூணு வருஷம் காலேஜ் போக வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். அது ஜோக்கா, கோபமா என்று பிரிஸில்லாவுக்குத் தெரியவில்லை. ஐவி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அப்போது ஜோக் என்று தெரிந்திருக்கும்.

விண்ணப்பத்தில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று பெற்றோர் கையெழுத்து. இன்னொன்று, இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அதற்கு ஐந்து கோடுகள் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஹம்சாவைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஹம்சாவுக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங் கடிதம் வர வேண்டும், அதுவரை வீட்டில் உட்காரப் பிடிக்காமல் பூங்காவையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு கோட்டுக்கு ஏண்டி இவ்வளவு யோசனை? மனித மனம் ஆழமானதுன்னு எழுது. எல்லாரும் அதைத்தான் எழுதுவா."

"பொய் எழுத முடியாது."

"அப்போ நிஜத்தைச் சொல்லு. எனக்காவது சொல்லு."

பிரிஸில்லா பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பதினாறு மாதத்தில் முதல்தடவையாக வேறொரு கை அதைத் தொட்டது.

"என்னடி இது, பால்காரன் நோட்டா?" என்று ஆரம்பித்த ஹம்சா, முதல் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் பேசுவதை நிறுத்தினாள். மெதுவாகப் பக்கம் புரட்டினாள். நோட்டு கட்டம் போட்ட காலண்டர் மாதிரி இருந்தது. ரிங் வந்த நாளில் நேரம், வராத நாளில் வெறும் கட்டம்.

"பிரிஸி, சனிக்கிழமை எல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"சனிக்கிழமை வராது."

"ஞாயித்துக்கிழமை?"

"வராது."

"ரம்ஜானுக்கு இல்லை. மே தினத்துக்கு இல்லை. சரஸ்வதி பூஜைக்கு இல்லை. கிறிஸ்மஸுக்கும் இல்லை." ஹம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்காத்துல அப்பா டயரி பின்னாடி இருக்கிற லீவு லிஸ்ட் மாதிரியே இருக்குடி. உன் பேய் கவர்ன்மெண்ட் சர்வண்ட்."

அவள் மட்டும்தான் சிரித்தாள்.

அம்மாவின் ஆபீஸில் சனிக்கிழமையும் வேலை உண்டு. ரம்ஜானுக்கும் உண்டு. சரஸ்வதி பூஜையன்று பொரி பொட்டலத்தோடு வருவாள். இது எல்லாம் பிரிஸில்லாவுக்குத் தெரியும். பதினாறு மாதமும் தெரியும். ஆனால் எழுதிய கட்டங்களை மட்டுமே பார்த்திருந்தாள். எழுதாத கட்டங்கள் அவள் கண்ணில் படவே இல்லை.

ஹம்சா இன்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். "சரி, நவம்பர்ல நாலு நாள் தொடர்ந்து காலியா இருக்கே. அப்போ என்ன பண்டிகை?"

"பண்டிகை இல்லை. டாடிக்குக் காய்ச்சல். அந்த நாலு நாளும் ஆபீஸ் போக…"

பிரிஸில்லா நிறுத்திவிட்டாள்.

ஹம்சா நோட்டை மூடி அவள் மடியில் வைத்தாள்.  பாட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் புள்ளிக் கணக்கில் சண்டை போட்டார்கள்.

"தெரியாம உளறிட்டேன்டி."

"இல்ல. சரியாத்தான் சொன்னே."

அன்று மாலையும் ஐந்து நாற்பதுக்கு ஒரு ரிங் வந்தது. பிரிஸில்லா டெலிபோனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனையோ மாலைகளில் அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் யாரோ வந்தது போல் இருக்கும். இன்று அடித்து நின்ற பிறகு வீடு முன்பைவிட வெறுமையாக இருந்தது. இருந்தும் கை பழக்கத்தில் பாலை வைத்தது. அப்பா வந்தார், காபி குடித்தார், நாணயத்தை டெலிபோன் பக்கத்தில் வைத்தார்.

கேட்டுவிடலாம். நீங்கதானா டாடி என்று இரண்டு வார்த்தை. ஆனால் கேட்டால் அவர் கூசிப்போய் நிறுத்திவிடுவார். அவரை அவளுக்குத் தெரியும். அது அம்மா இல்லை என்றே ஆகட்டும், அந்த ஒரு ரிங்கும் இல்லாமல் போனால் மாலையில் இந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? தவிர, இது இன்னும் ஊகம்தான். பார்த்த சாட்சி இல்லை.

வியாழக்கிழமை மாலை அவள் சேப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள். அப்பாவின் அலுவலக வாசலுக்கு எதிர்ப் பக்கத்தில், கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வாசலை ஒட்டி ஒரு டீக்கடை, அதன் தூணில் மஞ்சள் நிறக் காசு டெலிபோன்.

ஐந்தரைக்குக் கூட்டம் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு, பூ வாங்கிக்கொண்டு. கடைசியில் ஹென்றி தனியாக வந்தார். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டெலிபோன் அருகே போய் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணைச் சுழற்றினார்.

அந்த டெலிபோனில் எதிர்முனையில் எடுத்த பிறகுதான் காசைத் தள்ள வேண்டும். அதற்காக அவர் கையில் நாணயம் தயாராக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, காசு போடும் பிளவுக்கு நேராக வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார் போலிருந்தது. சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு ரிங் அடிக்கும் நேரம்தான். பிறகு ரிசீவரை மாட்டினார். நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தினமும் வீட்டுக்கு வந்து டெலிபோன் பக்கத்தில் வைக்கும் நாணயம் அதுதான். காலையில் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவதும் அதுதான்.

அவர் பஸ் ஏறிப் போகும்வரை அவள் வண்டிக்குப் பின்னாலேயே நின்றாள். "ஜூஸ் குடிக்கிறியா இல்லையாம்மா, அரை மணி நேரமா நின்னுக்கினு கீறியே" என்றார் கரும்புச்சாறுக்காரர். ஒன்று வாங்கிக் குடித்தாள். இனிப்பே தெரியவில்லை. அடுத்த பஸ் வர நேரமாயிற்று.

வீடு போய்ச் சேரும்போது ஏழு மணி. கதவு திறந்தே கிடந்தது. ஹென்றி ஆபீஸ் சட்டையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் பிரிக்காத பால் பாக்கெட்.

"எங்கே போயிட்டே பாப்பா? கீழ் வீட்டுல கேட்டேன். ஹம்சா வீட்டுக்கு போன் பண்ணினேன். அவளுக்கும் தெரியலை."

"வெளியில போயிருந்தேன் டாடி."

"பால் வைக்கலையே" என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரிங் வந்துச்சு இல்ல?"

பதினாறு மாதத்தில் அந்த வார்த்தை அந்த வீட்டில் முதல்தடவையாகப் பேசப்பட்டது.

"நான் வீட்டுல இல்ல. சேப்பாக்கத்துல இருந்தேன். நீங்க போன் பண்றதைப் பார்த்தேன்."

ஹென்றி பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தார். "என்னைப் பார்க்கவா வந்தே? கூப்பிட்டிருக்கலாமே. ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கலாம்."

"அது நீங்கதானான்னு பார்க்க வந்தேன்."

"நான்தான். வேற யாரு?"

அவள் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஹென்றி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். முதல் பக்கத்தில் அவள் எழுத்தில் இருந்தது: 'மம்மி சொன்னபடி ஒரு ரிங் கொடுத்தாள். நான் பால் வைத்தேன்.'

அவர் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"இது எனக்குத் தெரியாது பாப்பா" என்றார். "சத்தியமா தெரியாது. முதல் நாள், நீ ஸ்கூல்லேருந்து வந்துட்டியான்னு கேட்கத்தான் போட்டேன். ரிங் போனதும் பயம் வந்துடுச்சு. நீ எடுத்தா அடுத்தது என்ன பேசறதுன்னு தெரியலை. வச்சுட்டேன். வீட்டுக்கு வந்தா காபி போட்டு வச்சிருந்தே. சரி, அப்பா கிளம்பிட்டாருன்னு பொண்ணு புரிஞ்சுக்கிட்டா, ஐவிக்கு வச்ச மாதிரி எனக்கும் வைக்கறான்னு நினைச்சேன். தினம் அந்தக் காபியைப் பார்த்ததும்…"  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரிஸில்லாவுக்கு அந்தக் காபிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒன்றுகூட அவருக்காக வைத்தது இல்லை. வந்து சேராத ஒருத்திக்காக வைத்தது. வீணாகப் போக வேண்டாமே என்று அவர் பக்கம் நகர்த்தியது. அதைச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டு சொல்லிவிட்டது.

ஹென்றி எழுந்து போய், டெலிபோன் பக்கத்தில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்து வந்தார். பேனாவைத் திறந்தார்.

"இன்னும் இதுதான் வேணுமா? அது மம்மி இல்லைன்னு ஆயிடுச்சே."

"இதுதான் வேணும்."

"ஏன்?"

"ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஒரு வருஷத்துக்கு மேல, ஒரே ரிங்கைக் கேட்டுட்டு வேற வேற நினைச்சிருக்கோம். யாராவது ஒருத்தர் அதைப் படிக்கணும் இல்ல டாடி."

ஹென்றி சிரித்தாரா என்று தெரியவில்லை. தோள் லேசாக அசைந்தது. "அதையே எழுது. அஞ்சு கோட்டுக்குள்ள அடங்கும்" என்றார். கையெழுத்துப் போட்டார். மூன்று எழுத்தும் ஒரு கோடும், ரிப்போர்ட் கார்டில் போடுகிற அதே கையெழுத்து.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகும்போது நாணயம் விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இனிமே ரிங் கொடுக்கலைம்மா. உன்னை ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு."

வேண்டாம் என்று அவள் தலையாட்டினாள். அவர் பார்க்கவில்லை, நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித்தான் ஆக வேண்டும். இடையில் நின்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. 

"டாடி."

"என்னம்மா?"

"ஒரு ரிங்கோட வச்சிடாதீங்க. நான் எடுக்கற வரைக்கும் அடிக்க விடுங்க. என்கூடப் பேசுங்க."